முதலில் கூரை: ஒரு பழைய நூலகத்துக்கு நிதி திரட்டிய அனுபவம்

நூற்றாண்டு கடந்த ஒரு நூலகக் கட்டடத்தை இடிபடாமல் காத்து, பழுதுபார்த்து, மறுபடியும் வாசகர்கள் வந்துபோகும் இடமாக்க நாங்கள் சிலர் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தோம். இதே போன்ற வேலையில் இறங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "அவ்வளவு பணம் எப்படிச் சேர்ந்தது?" என்பதைத்தான். பணம் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் நடந்தவையே பணத்தைக் கொண்டுவந்தன என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

காகித வேலை முதலில். கட்டடத்தின் உரிமையாளரிடமிருந்து எழுத்துப்பூர்வமான சம்மதம், பதிவு செய்த ஓர் அமைப்பு, அதற்கென்று தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாடு, ஆண்டுதோறும் தணிக்கை. இவை முடியும்வரை யாரிடமும் ஒரு காசு வாங்குவதில்லை என்று உறுதியாக இருந்தோம். ஆர்வத்தோடு பணம் கொடுக்க வந்தவர்களைக்கூடக் காத்திருக்கச் சொன்னோம். ரசீது கொடுக்க முடியாத பணம் பிற்பாடு சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

அடுத்தது நிலை அறிக்கை. புதுக் கட்டடம் கட்டுவதில் கைதேர்ந்தவர்கள் எல்லோருக்கும் பழைய கட்டடம் புரிந்துவிடாது. மரபுக் கட்டடங்களில் அனுபவமுள்ள ஒரு பொறியாளரைத் தேடிப்பிடித்தோம். அவர் வந்து வடக்குச் சுவரில் விரலை வைத்து இழுத்தார். வெள்ளைப் பொடி விரலோடு வந்தது. பின்னாலேயே செங்கல் துகளும் உதிர்ந்தது. சுவரில் ஏறிய ஓதம் அது. அந்தக் காலத்துச் செங்கல் சுவரும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உள்வாங்கும், வெயிலடித்தால் வெளியே விட்டுவிடும். இடையில் யாரோ அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளேயே தங்கி, அதிலிருந்த உப்பு செங்கலின் நுண்துளைகளில் படிகமாகி, கல்லை உள்ளிருந்தே உடைத்துக்கொண்டிருந்தது. பார்வைக்கு அந்தச் சுவர்தான் கட்டடத்திலேயே பலமானதாகத் தெரிந்தது.

அவர் கொடுத்த வரிசை இது: கூரை, மழைநீர்க் குழாய்கள், சுவர், மரவேலை, எல்லாவற்றுக்கும் பிறகு வண்ணம். கொடுப்பவர்களோ வண்ணத்தையும் முகப்பையும்தான் முதலில் பார்க்க ஆசைப்படுவார்கள். கண்ணில் படாத கூரைக்கு மக்களைப் பணம் கொடுக்க வைப்பதுதான் எங்கள் முழு வேலையுமே என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

எகிப்தின் பழமையான அபு சிம்பல் கோயில்களை நைல் நதி நீரில் மூழ்காமல் காப்பாற்ற யுனெஸ்கோ 1960-இல் வேண்டுகோள் விடுத்தபோது, ஏறத்தாழ 50 நாடுகள் பணம் தந்தன. மலையோடு குடைந்த கோயில்களைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்து, 1964-க்கும் 1968-க்கும் இடையே பழைய இடத்தைவிடச் சுமார் 65 மீட்டர் உயரத்தில் மறுபடியும் பொருத்தினார்கள். உலகமே அறிந்த இடத்துக்கு அந்த வேண்டுகோளே போதும். பெயர் தெரியாத ஒரு நூலகத்துக்கு அப்படி யாரும் ஓடிவரமாட்டார்கள். அதை நேசிக்கக்கூடியவர்கள் அதைப் பயன்படுத்தியவர்கள் மட்டுமே. எனவே பணம் கேட்பதற்கு முன்னால் கதவைத் திறந்தோம். ஆபத்தில்லாதது என்று பொறியாளர் சான்றளித்த ஒரே ஒரு கூடத்தை வாரத்தில் ஒரு நாள் திறந்துவைத்து, உள்ளே கிடைத்த பழைய கடன் பதிவேடுகளை மேசையில் விரித்தோம்.

அந்தப் பதிவேடுகள் செய்ததை எந்தத் துண்டறிக்கையும் செய்திருக்காது. யார், எந்தப் புத்தகத்தை, என்றைக்கு எடுத்தார்கள், என்றைக்குத் திருப்பினார்கள் என்று கட்டம் கட்டமாக எழுதிய ஏடுகள். ஒரு பெண்மணி வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டார். அவருடைய அப்பாவின் கையெழுத்து. பள்ளி நாட்களில் அவர் எடுத்துப் படித்த புத்தகங்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அடுத்த வாரம் தம்பி தங்கைகளோடு வந்தார். அதற்கடுத்த வாரத்திலிருந்து எங்கள் குழுவில் ஒருவரானார். இப்படி வந்தவர்கள் பழைய புகைப்படங்களைக் கொண்டுவந்தார்கள். மாடிப்படியின் கைப்பிடி முன்பு எப்படி இருந்தது என்பதே அவற்றைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இழந்த பிறகு எழும் ஆதரவு பெரிதாகத்தான் இருக்கும். நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதைக் கண்டு எழுந்த கொதிப்பு 1965-இல் அந்த நகரத்துக்கு மரபுச் சின்னங்களைக் காக்கும் சட்டத்தைப் பெற்றுத்தந்தது. அந்த நிலையத்துக்கு அது உதவவில்லை. கட்டடம் நின்றுகொண்டிருக்கும்போதே அந்தக் கொதிப்பை எழுப்ப வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் பிடிவாதம் உண்டு.

நிதி கேட்கும் கட்டம் வந்தபோது, மொத்த மதிப்பீட்டை யாருக்கும் மறைக்கவில்லை. ஆனால் கேட்டது கூரைக்கு மட்டும். கூரையின் வரைபடத்தைப் பெரிய பலகையில் வரைந்து, சதுர மீட்டர் வாரியாகக் கட்டம் போட்டு வாசலில் நிறுத்தினோம். பணம் வரவரக் கட்டங்களுக்கு நிறம் ஏறியது. ஒரு கட்டத்தைப் பலர் சேர்ந்தும் எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தவர் பெயர்கள் எல்லாம் ஒரே அளவு எழுத்தில். இந்த யோசனையின் வேர் 1885-இல் இருக்கிறது. சுதந்திர தேவி சிலையின் பீடம் பணமில்லாமல் பாதியில் நின்றபோது, ஜோசப் புலிட்சர் தமது நாளிதழில், எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாக அறிவித்தார். சில மாதங்களில் 1,20,000-க்கும் மேற்பட்டோர் கொடுத்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலரோ அதற்கும் குறைவோ.

சிறு தொகைகளால் மட்டும் எங்கள் கூரை முடியவில்லை. ஆனால் பெரிய தொகை கொடுக்கக்கூடியவர்களைப் போய்ப் பார்த்தபோது அநேகமாக எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "இதுவரை எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள்?" என்பதுதான். எவ்வளவு சேர்ந்தது என்று பிறகுதான் கேட்டார்கள். பலகையின் புகைப்படத்தை எடுத்து நீட்டினோம்.

எங்களைப் பிளந்துவிடப் பார்த்த விஷயம் ஒன்று உண்டு. கட்டுமானத் தொழிலில் இருந்த ஒருவர், சுவர் முழுவதையும் தம் செலவிலேயே பூசித் தருவதாக முன்வந்தார், சிமெண்ட் பூச்சு. நல்ல மனதோடு சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இலவசமாக வருவதை வேண்டாம் என்பதா என்று குழுவில் சிலர் கொதித்தார்கள். பொறியாளர் இரண்டு செங்கல் துண்டுகளைக் கொண்டுவந்து, ஒன்றுக்குச் சிமெண்டும் இன்னொன்றுக்குச் சுண்ணாம்பும் பூசி, காய்ந்த பிறகு இரண்டின் அடியையும் தண்ணீரில் நனையவிட்டு வெளியே எடுத்து வைத்தார். சுண்ணாம்பு பூசியது உலர்ந்த பிறகும் மற்றது கருத்து ஈரமாகவே கிடந்தது. அதற்குமேல் வாதம் தேவைப்படவில்லை. அவருக்கு நன்றி சொல்லி மறுத்தோம். சுண்ணாம்பு வேலைக்கு உதவ முடியுமா என்று கேட்டும் பார்த்தோம். அவர் திரும்பி வரவில்லை. அந்தப் பணத்தை இழந்தது வலித்தது. முடிவு மட்டும் சரியானது.

மானியத்துக்கு விண்ணப்பித்தது தனி அனுபவம். நிலை அறிக்கை, விலைப்புள்ளிகள், தணிக்கை செய்த கணக்கு, எங்கள் பங்காக எவ்வளவு, வேலை முடிந்த பிறகு யார் பராமரிப்பார்கள் என்று கேட்டார்கள். இவ்வளவும் ஏற்கெனவே கையில் இருந்ததால் விண்ணப்பம் எழுதுவது கடினமாக இல்லை. கடினமானது வேறு. பணம் முன்கூட்டி வராது. ஒரு கட்ட வேலையை முடித்து, கணக்குக் காட்டிய பிறகே வரும். கொத்தனார்களுக்கு வாரக் கூலி கொடுத்தாக வேண்டுமே! உறுப்பினர்கள் சிலர் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்த பணத்தால்தான் அந்த மாதங்களைத் தாண்டினோம். மானியம் கிடைத்துவிட்டது என்று கொண்டாடுவதற்கு முன்னால், பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பாரிஸின் நோத்ர தாம் பேராலயம் சிதைந்துவருகிறது, பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்று தீப்பிடிப்பதற்கு முன்பே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பணம் மெதுவாகவே வந்தது. 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்து விழுந்ததை உலகம் பார்த்த பிறகு, சுமார் 3,40,000 பேரிடமிருந்து 80 கோடி யூரோவுக்கும் மேல் குவிந்தது. பெருந்தீக்குக் கொடுக்கும் கை, மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்யக் கொடுப்பதில்லை. ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோதே, அன்றாடக் கவனிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் எழுதினார். இவ்வளவு காலம் கழித்தும் அதற்கென்று பணம் கேட்பதுதான் மிகக் கடினமாக இருக்கிறது.

அதனால் வந்த நன்கொடை ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று ஒதுக்கினோம். இதை ரசீதிலேயே அச்சிட்டோம். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. அந்த நிதியின் வட்டியில் மழைக்காலத்துக்கு முன்னால் கூரையைப் பார்வையிடவும் குழாய்களைச் சுத்தம் செய்யவும் முடிகிறது. வெளிச் சுவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்க அது போதாது. மாடி ஜன்னல்கள் இன்னும் பலகை அடித்தபடியே இருக்கின்றன. அடுத்து அவற்றுக்குத்தான் கேட்கப்போகிறோம்; தச்சரிடமிருந்து மதிப்பீடு வந்துவிட்டது.