கூத்துக் கிரீடம் ஏன் நழுவுகிறது?

வடதமிழகத் தெருக்கூத்து வகையான கட்டைக்கூத்துக்கு அந்தப் பெயரே வேஷக்காரர் கட்டிக்கொள்ளும் மரக்கட்டை அணிகளால்தான். துரியோதனன், இரணியன் போன்ற ராஜ வேஷத்துக்குக் கிரீடம். கர்ணன், அர்ச்சுனன் வகையறாவுக்குச் சிகரேக்கு என்ற இன்னொரு வகைத் தலையணி. தோளுக்குப் புஜகீர்த்தி, நெஞ்சுக்கு மார்புப் பதக்கம். காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். அவ்வளவு நேரமும் கட்டை அசையக் கூடாது.

கட்டைக்கு ஏற்றது கல்யாண முருங்கை, அதாவது முள்முருங்கை. பஞ்சு போல லேசு, உளிக்கு வெண்ணெய் மாதிரி இடம் கொடுக்கும். ஆனால் பச்சை மரத்தில் தண்ணீர் அதிகம். வெட்டிய துண்டை வெயிலில் போட்டால் முனை முதலில் காய்ந்து வெடிக்கும். முனையில் சாணி பூசி, காற்றோட்டமான நிழலில், தரையில் படாமல் அடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் கருத்துப் பூஞ்சை பிடிக்கும், பிறகு புழு துளைக்கும். அரைகுறையாகக் காய்ந்ததில் செதுக்கினால், மேலே ஒட்டிய காகிதம் சில மாதங்களில் சுருங்கிக் கிழியும். அவசர வேலை என்பது அப்போதுதான் தெரியும்.

செதுக்கும்போது பலருடைய கவனமும் பூ வேலையில்தான் போகிறது. கிரீடத்தின் சூட்சுமம் உட்பக்கத்தில். எடை முன்னால் கூடினால் ஆட்டக்காரர் குனியும்போதெல்லாம் நெற்றியை அழுத்திக் கண்மேல் இறங்கும். அதனால் முன்பக்கத்தின் பின்புறத்தை முடிந்தவரை குடைந்து எடுப்பார்கள். கயிறு போகும் துளை விளிம்பை ஒட்டி இருந்தால் மென்மரம் பிளந்துவிடும். உள்ளே தள்ளித் துளைத்து, அங்கே மட்டும் கனம் விட்டுவைக்க வேண்டும்.

பிறகு தேய்ப்பு, பசை, ஜிகினாக் காகிதம், கண்ணாடித் துண்டு, மணி. புளியங்கொட்டைப் பசை நன்றாகப் பிடிக்கும். ஈரத்தில் இளகும், கரப்பானுக்கும் பிடிக்கும். கண்ணாடியை வெறும் பசையில் ஒட்டினால் ஆட்ட அதிர்வில் உதிரும். ஓரத்தைக் காகித வளையத்தால் கவ்வ வைத்தால் நிற்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இந்தக் கண்ணாடி மின்னியது ஓர் அழகு. இப்போதைய வெள்ளை விளக்கில் வெறும் கூச்சம்தான்.

கட்டுவது தனிக் கலை. அரிதாரம் முடிந்து, மற்ற கட்டைகளும் ஏறிய பிறகே கிரீடம். முதலில் தலையைத் துணியால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் சும்மாடு போல ஒரு வளையம். துணி வழவழப்பாக இருந்தால் வியர்வையில் வழுக்கும். பழைய பருத்தி வேட்டித் துண்டே நல்லது. கயிற்றைப் பிடரியில் குறுக்காக மாற்றிக் கட்ட வேண்டும். நேராக இழுத்துக் கட்டினால், கிறிக்கி அடித்துச் சுழலும்போது உடல் ஒரு பக்கம், கிரீடம் ஒரு பக்கம். தாடையை இறுக்கவும் கூடாது. வேஷக்காரரே பாட வேண்டும், வாய் திறக்க வேண்டுமே! கட்டியதும் ஒரு விருத்தம் பாடச் சொல்லி, நாலு சுற்றுச் சுற்றச் சொல்லிப் பார்க்கலாம். திரைக்குள் போனபின் சரிசெய்ய நேரம் இருக்காது.

கனம் தாங்கவில்லை என்று தெர்மாகோல் கிரீடத்துக்கு மாறுபவர்கள் உண்டு. லேசுதான், ஆனால் அது தலையில் உட்காராது, காற்றுக்கே ஆடும்.

ஆட்டம் முடிந்ததும் வியர்த்த கட்டையை அப்படியே பெட்டியில் போட்டு மூடக் கூடாது. உள்பக்கத்தைத் துடைத்து, கயிற்றை அவிழ்த்து உலர்த்தி, வேப்பிலை போட்டு வைக்க வேண்டும். கயிறு மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டிய சாமான். வியர்வை உப்பேறிய கயிறு சொல்லாமல் அறும்.