பகலில் சார்ஜ் ஏற்றி இரவில் உறிஞ்சிய ஆல்டர்னேட்டர்

காலையில் சாவியைத் திருப்பினால் "டிக் டிக் டிக்" என்று ரிலே சத்தம் மட்டும், செல்ஃப் எடுக்கவில்லை. முதல் தடவை ஏதோ லைட்டை அணைக்க மறந்திருப்பேன் என்று நினைத்து, பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்துகொண்டேன். அதே வாரத்தில் இன்னும் இரண்டு முறை அப்படியே ஆனது. பேட்டரி 4 வருடம் ஓடிவிட்டது, ஆயுசு முடிந்திருக்கும் என்றார்கள். நானும் அளந்து பார்க்காமல் காருக்குப் புதிதாக 45 ஆம்பியர்-அவர் (பேட்டரி தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவு) பேட்டரி வாங்கிப் போட்டேன்.

தினமும் வண்டி எடுத்தவரை பிரச்சினையே தெரியவில்லை. ஒருமுறை இரண்டு நாள் எடுக்காமல் நிறுத்தியிருந்தேன். மூன்றாம் நாள் காலை கதவின் ரிமோட் லாக்கூட வேலை செய்யவில்லை. புது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 10.9 வோல்ட். முழு சார்ஜில் 12.6 காட்ட வேண்டியது. 12.2-க்கு வந்தாலே பாதி காலி என்று அர்த்தம். அப்போதுதான் கோளாறு பேட்டரியில் இல்லை, வண்டியில் ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது என்று உறைத்தது.

பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிவிட்டு, இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். டெர்மினலில் 14.1 வோல்ட். சார்ஜிங் சரியாக இருக்கிறது, ஆகவே ஆல்டர்னேட்டர் (இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம்) நன்றாக இருக்கிறது என்று அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். எனக்கு ஒரு முழு நாளை வீணாக்கியது இந்த முடிவுதான்.

அடுத்து, நிறுத்திய வண்டி எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று அளந்தேன். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரைச் சேர்த்தேன். இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்டில் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். இன்னொன்று, கதவு திறந்திருந்தால் வண்டி தூங்காது, அதாவது அதன் எலக்ட்ரானிக்ஸ் அணையாமல் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். ஃப்யூஸ் பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில் இருந்ததால் கதவைத் திறந்துவைத்து, அதன் லாக்கை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி "மூடிய" நிலைக்குக் கொண்டுவந்தேன். (வேலை முடிந்து கதவைச் சாத்துவதற்கு முன் கைப்பிடியை இழுத்து லாக்கை விடுவிக்க வேண்டும். அப்படியே அடித்துச் சாத்தினால் லாக் உடையும்.) சாவியைத் தூரமாக வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

இணைத்தவுடன் 3 ஆம்பியருக்கு மேல் காட்டியது மெல்ல இறங்கி 0.85-இல் நின்றது. 0.05-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 0.85. இரண்டு நாளில் 40 ஆம்பியர்-அவர் போயிருக்கும். புது பேட்டரி படுத்ததற்குக் கணக்கு அப்படியே பொருந்தியது. ஓர் இரவுக்கு 8, 9 ஆம்பியர்-அவர்தான் என்பதால் தினசரி ஓட்டத்தில் அது வெளியே தெரியவில்லை.

ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கி மீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினேன். ஸ்டீரியோவுக்கு 0.01 குறைந்தது, அது அதன் நினைவகத்துக்கானது. டிக்கி விளக்கு, கிளவ் பாக்ஸ் விளக்கு, ஹாரன், பானெட்டுக்குள் இருந்த பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று. 0.85 அசையவில்லை. மனசு விட்டுப்போனது.

எனக்குத் தெரிந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நாளைக்கு விடிஞ்சதும் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம டைனமோவைத் தொட்டுப் பாருங்க" என்றார். ஆல்டர்னேட்டரைத்தான் அவர் டைனமோ என்றார். மீட்டரை எடுத்து கிளாம்ப்பைப் பழையபடி மாட்டி வைத்தேன். மறுநாள் பானெட்டைத் தூக்கினேன். இஞ்சின் பிளாக் சில்லென்று இருந்தது. ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஒரு பாகம் சூடாக இருக்கிறதென்றால் அதற்குள் கரண்ட் ஓடியிருக்கிறது.

ஆல்டர்னேட்டரின் பருமனான ஒயர் இந்தச் சின்ன ஃப்யூஸ்கள் எதன் வழியாகவும் போவதில்லை. அதனால்தான் எதைப் பிடுங்கியும் பயனில்லை. நெகட்டிவைக் கழற்றிய பிறகே அந்த ஒயரின் நட்டை அவிழ்த்தேன். பக்கத்துச் சின்ன பிளக்கையும் உருவி, ஒயர் நுனி பாடியில் படாமல் டேப் சுற்றி, மறுபடி மீட்டரை மாட்டிக் காத்திருந்தேன். 0.03.

ஆல்டர்னேட்டருக்கு உள்ளே இருக்கும் டயோடுகள் (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகங்கள்) ஏசியை டிசியாக மாற்றுவதோடு, பேட்டரியின் கரண்ட் திரும்பி வராமலும் தடுக்கின்றன. அதில் ஒன்று கசிந்தாலும் மற்றவை சார்ஜ் செய்துகொண்டே இருக்கும். 14.1 வோல்ட் என்னை ஏமாற்றியது இப்படித்தான். ஓடும் இஞ்சினில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியை அளந்திருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த எலக்ட்ரீஷியனே ஆல்டர்னேட்டரைப் பிரித்து டயோடு பிளேட்டை மாற்றினார். தேய்ந்திருந்த கார்பன் பிரஷ்ஷையும் சேர்த்து மாற்றச் சொன்னேன். வண்டியில் பூட்டியபின் மீட்டரில் அதே 0.03. மூன்று நாள் வேண்டுமென்றே எடுக்காமல் நிறுத்திவைத்தேன். நான்காம் நாள் காலை 12.5 வோல்ட், முதல் திருப்பிலேயே எடுத்தது. நான் தூக்கிக் கொடுத்த அந்தப் பழைய பேட்டரியை ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்து சோதித்திருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது.