420 கோடிக்கு இரண்டு முறை வர்க்கமூலம்

பல்லடத்தில் ஒரு சைசிங் மில்லில் (பாவு நூலுக்குக் கஞ்சி போடும் ஆலை) பாய்லர் பார்க்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தது 1999-ல். அதற்கப்புறம் உட்கார்ந்து படித்தது பாய்லர் சர்டிபிகேட் பரீட்சைக்கு மட்டும்தான். போன தை மாதம் தொடங்கி ஆனி வரைக்கும், ஆறு மாதம், காலநிலை அறிவியலில் ஓர் அறிமுகப் பாடத்தை இணையத்தில் படித்து முடித்தேன். என்னைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஏன் படிக்கத் தோன்றியது என்பதற்குக் காரணம் எங்கள் தோப்பு. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்துபோனது. சுல்தான்பேட்டைப் பக்கம் அய்யன் வளர்த்த 200 தென்னையில் 70-க்கு மேல் அடுத்த கோடையில் குருத்துக் காய்ந்து நின்றன. 900 அடி போர் புகைதான் விட்டது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் பலன் இல்லை. அந்த நாட்களில் டீக்கடையில் இரண்டே பேச்சு. “எல்லாம் குளோபல் வார்மிங்குங்க” என்பார் ஒருவர். “தாது வருஷப் பஞ்சத்துல எந்த கார் ஓடுச்சு, எந்த மில் ஓடுச்சு?” என்பார் இன்னொருவர். 1876-ல் வந்த பஞ்சத்தை எங்கள் ஊரில் இன்னும் பேர் சொல்லிப் பேசுவார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பது போலத்தான் தெரிந்தது. எதை எப்படிச் சரிபார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி பல வருஷம் மனதிலேயே கிடந்தது.

முதலில் ஐஐடிக்காரர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களைப் பார்த்தேன். பாடத்துக்குக் காசில்லை, ஆனால் தேர்வைக் குறிப்பிட்ட நாளில் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும் எனக்கு அது ஒத்துவராது. அப்புறம் கிடைத்ததுதான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆர்ச்சர் நடத்தும் பாடம். அறிவியலை முதன்மைப் பாடமாக எடுக்காத கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவர் நடத்துவதையே இணையத்தில் வீடியோவாகப் போட்டிருக்கிறார்கள். அறிவியல் படிக்காதவர்களுக்கு என்ற அந்த ஒரு வரிதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

படித்த நேரம் காலை ஐந்திலிருந்து ஆறரை, மொட்டை மாடியில். நைட் ஷிப்டு வாரத்தில் தூங்கி எழுந்து மாலையில். டூட்டியில் ஒரு நாளும் படிக்கவில்லை. பாய்லர் முன்னால் நிற்பவன் கண் வாட்டர் கேஜில் இருக்க வேண்டும், போனில் இருக்கக் கூடாது.

ஆங்கிலம்தான் முதல் தடை. பேச்சு வேகம் பிடிபடவில்லை. வேகத்தைக் குறைத்து, கீழே ஓடும் எழுத்தைப் படித்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பத்து நிமிஷ வீடியோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். தம்பி மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். புரியாத சொற்களை நோட்டில் எழுதி வைத்து ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்பேன். ‘ஃப்ளக்ஸ்’ என்ற சொல் எல்லாப் பக்கத்திலும் வந்தது. “பெரியப்பா, வாய்க்கால்ல விநாடிக்கு இத்தனை கன அடின்னு சொல்றோமில்லீங்க, அது மாதிரி வெப்பத்துக்குங்க” என்றாள். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. ஒரு சதுர மீட்டர் வழியாக விநாடிக்கு எத்தனை ஜூல் போகிறது, அவ்வளவுதான் வாட் கணக்கு. அன்றைக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கண்டு நான் தயங்கவில்லை.

இரண்டாம் வாரத்தில் வந்தது அந்தக் கணக்கு. இந்தப் பாடம் முழுக்க என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெயில் பூமிக்கு வரும்போது, சூரியனுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட். அதில் 30 சதவீதம் மேகம், பனி, மணல் பட்டுத் திரும்பி வானத்துக்கே போய்விடுகிறது. மீதி 70 சதவீதத்தை நான்கால் வகுக்க வேண்டும். ஏன் நான்கு என்று இரண்டு நாள் விளங்கவில்லை. உரித்த தேங்காய் ஒன்றை உச்சி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தரையில் விழும் நிழல் ஒரு வட்டம். வெயிலை வாங்குவது அந்த வட்டத்தின் அளவுதான். ஆனால் வெப்பத்தை வெளியே விடுவது தேங்காயின் முழு மேல்பரப்பு. உருண்டையாக இருந்தால் அது வட்டத்தைப் போல நான்கு மடங்கு. சரி, நான்கால் வகுத்தால் 238 வாட்.

சூடான எந்தப் பொருளும் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக விட்டுக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு விடும் என்பது அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, ஸ்டெஃபான் போல்ட்ஸ்மன் விதி. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் வரை பூமி சூடாகும், அப்புறம் அந்த அளவிலேயே நிற்கும். ஓட்டையுள்ள தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டால் நீர்மட்டம் ஏறி ஓர் இடத்தில் நின்றுவிடுமே, அதே கதைதான். 238-ஐ அந்த விதியின் மாறிலியால் வகுத்தால் ஏறக்குறைய 420 கோடி. நான்காம் மூலம் எடுக்கத் தனி பட்டன் வேண்டாம், வர்க்கமூலத்தை இரண்டு முறை அழுத்தினால் போதும். என்னிடம் இருந்தது மளிகைக் கடைக் கால்குலேட்டர். முதல் அழுத்தில் 64,800 சொச்சம். அடுத்த அழுத்தில் 254.6.

அது கெல்வின் கணக்கு. 273 கழித்தால் மைனஸ் 18.

காற்று மண்டலம் வெப்பத்தைப் பிடிக்காமல் இருந்தால் பூமியின் சராசரி வெப்பநிலை இதுதான். நிஜத்தில் இருப்பது சுமார் 15 டிகிரி. நடுவில் உள்ள 33 டிகிரிதான் கடலை உறையாமல் வைத்திருக்கிறது, தென்னையை முளைக்க வைக்கிறது. அந்தக் காலையில் மாடியில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பசுங்குடில் விளைவு என்றாலே கெடுதல் என்று நினைத்திருந்தவன் நான். அது இல்லையென்றால் நாமே இல்லை. அளவு மாறுவதுதான் பிரச்சினை.

அடுத்த பாடத்தில் பூமிக்கு மேலே ஒரே ஒரு கண்ணாடி அடுக்கு இருப்பதாக வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறார். அந்த அடுக்கு வானத்துக்கு விடுகிற அளவு வெப்பத்தைக் கீழேயும் அனுப்புவதால் 420 கோடி 840 கோடியாகிறது. இரண்டு முறை அழுத்தினால் 303 கெல்வின் வரும், அதாவது 30 டிகிரி. நிஜமான 15 டிகிரி இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. மாதிரி எளிமையானது, பூமி அவ்வளவு எளிமையில்லை. ஆனால் திசை தப்பவில்லை. 1896-லேயே ஸ்வீடனைச் சேர்ந்த அர்ரேனியஸ், கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று மாதக்கணக்கில் கையாலேயே கணக்குப் போட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் வந்து கிளப்பிவிட்ட பேச்சு இது என்று நம்பிக்கொண்டிருந்த என் நண்பர்களுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன்.

அப்புறம் மாட்ரான். அந்தப் பல்கலைக்கழகம் இணையத்தில் யாரும் போட்டுப் பார்க்கும்படி வைத்திருக்கிற கணினி மாதிரி அது. 70 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பூமியைக் கீழ்நோக்கிப் பார்த்தால் வெளியேறும் வெப்பம் எப்படித் தெரியும் என்று கோடு போட்டுக் காட்டும். கரியமில வாயுவைப் பத்து லட்சத்துக்கு 400 பங்கு என்று வைத்தால், 15 மைக்ரான் அலைநீளம் வருகிற இடத்தில் கோட்டில் பெரிய பள்ளம். அந்த வாயு அந்த இடத்தில் வெப்பத்தைப் பிடித்துக்கொள்கிறது. 800 என்று மாற்றினால் பள்ளம் ஆழமாகவில்லை, ஓரங்கள் மட்டும் விரிந்தன. ஆனால் வெளியேறும் வெப்பத்தில் சதுர மீட்டருக்கு 3 வாட் சொச்சம் குறைந்தது. ஏற்கெனவே நிறைந்த இடத்தில் இன்னும் ஊற்றினால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. இந்தப் பாடம் எடுக்கிறவர்கள் எதை விட்டாலும் மாட்ரானை விட வேண்டாம். ஒரு வாரம் முழுக்க எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இந்த வாரத்தில்தான் துப்பாக்கி ஞாபகம் வந்தது. மில்லில் மோட்டார் பேரிங், ஸ்டீம் பைப் சூடு பார்க்க அகச்சிவப்பு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறோம். மேனேஜரிடம் கேட்டு ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மாசி மாதம், பளிச்சென்ற வானம். தலைக்கு நேர் மேலே பிடித்து அழுத்தினேன், மைனஸ் 6. வேப்பமரத்தின் அடியில் நின்று இலையைப் பார்த்துப் பிடித்தேன், 21. அந்தக் காலையில் வெளியே நிறுத்தியிருந்த டிவிஎஸ் எக்ஸெல் சீட்டு பனியில் நனைந்திருந்தது, மரத்தடியில் நின்ற சைக்கிள் காய்ந்து கிடந்தது. சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான், காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. சீட்டு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்தது. சைக்கிளுக்கு மரம் தன் சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சித்திரையில் மோடம் போட்ட ஒரு ராத்திரி மறுபடி பிடித்தேன், பிளஸ் 15. மோடம் போட்டால் ராத்திரி புழுங்கும் என்று ஆத்தா சொல்வது இதைத்தான்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கருவி 8 முதல் 14 மைக்ரான் வரைதான் பார்க்கும். கரியமில வாயுவின் 15 மைக்ரான் அதன் கண்ணுக்குப் படாது. நான் அளந்தது பெரும்பாலும் நீராவியையும் மேகத்தையும்தான். ஆனால் வானம் கீழ்நோக்கி வெப்பம் அனுப்புகிறது என்பதை என் கையாலேயே அளந்துவிட்டேன்.

கார்பன் பாடத்தில் பாய்லர் அனுபவம் கைகொடுத்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும். பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே என்று மில்லில் ஒருவர் கேட்டார். மீதி எடை காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜன். விறகு எரித்தாலும் நிலக்கரி எரித்தாலும் புகைபோக்கியில் போவது ஒரே வாயுதான் என்று நினைத்திருந்தேன். விறகின் கார்பன் சில வருஷம் முன்னால் காற்றில் இருந்தது, மரம் மறுபடி வளர்ந்தால் திரும்பிப் போகும். நிலக்கரியின் கார்பன் கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்கடியில் கிடந்தது. கார்பன் 14 என்பது நாளாக ஆகத் தானே சிதைந்து குறைகிற ஒரு வகைக் கார்பன், நிலக்கரியில் அது துளியும் மிச்சமில்லை. காற்றில் கார்பன் 14-ன் பங்கு குறைவதை வைத்தே, கூடிய வாயு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஹவாயில் மௌனா லோவா மலையில் 1958-ல் கீலிங் என்ற விஞ்ஞானி கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்கு, இன்றைக்கு 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் 280. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிக் கேட்டவருக்குச் சொல்ல எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: அன்றும் மழை தப்பியது, ஆனால் அன்றைய காற்று வேறு.

கடலின் வேதியியல் வந்தபோது நின்றுவிட்டேன். பைகார்பனேட், கார்பனேட், அமிலத்தன்மை எதுவும் ஏறவில்லை. அந்தப் பகுதித் தேர்வில் முதல் முறை தேறவும் இல்லை. குடும்பத்தில் ஒரு விசேஷமும் சேர்ந்துகொள்ள, மூன்று வாரம் நோட்டைத் திறக்கவில்லை. திரும்பி வந்தபோது அந்தப் பகுதியைத் தாண்டி அடுத்ததைப் படித்துவிட்டு, அப்புறம் பின்னால் போனேன். அப்போது புரிந்தது. முடிக்க முடியாமல் விட்டவர்கள் பெரும்பாலும் இப்படி ஓர் இடத்தில்தான் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தாண்டிப் போங்கள், குற்றமில்லை.

முடித்த அன்று அய்யனிடம் சொன்னேன். எழுபத்தெட்டு வயது. “அப்ப இந்த வருஷம் மழ வருமா வராதான்னு உன்ற படிப்பு சொல்லுமா, சாமி?” என்று கேட்டார்.

“அது சொல்லாதுங்கய்யா” என்றேன். ஒரு வருஷத்து மழை வேறு, முப்பது வருஷச் சராசரி வேறு. 2016-ல் மழை பொய்த்ததற்கு இதுதான் காரணம் என்று ஒன்றைப் பிடித்துக் காட்ட இந்தப் பாடத்தை வைத்து முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் அது பிடிக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. மண்ணிலிருந்தும் ஓலையிலிருந்தும் காற்று இழுக்கிற ஈரமும் கூடும். உலகம் ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. அதே அளவு மழை பெய்தாலும் மரத்துக்கு நிற்கிற தண்ணீர் குறையும். இதைச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப மூடாக்குப் போடோணும்” என்றார். உதிர்ந்த ஓலையை எரிக்காமல் மரத்தடியிலேயே பரப்பத் தொடங்கியது அந்த வாரம்தான்.

தெர்மாமீட்டர் ஒன்று சொந்தமாக வாங்கிவிட்டேன். ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்துக்கொண்டிருக்கிறது, காற்றாலைக் காத்தாடிகள் ராப்பகலாகச் சுற்றுகின்றன. ராத்திரி எட்டு மணிக்கு வானத்தைப் பிடித்து, வந்த எண்ணை நோட்டில் குறிக்கிறேன். நேற்று மோடம், 16 காட்டியது. எழுதிவிட்டு நோட்டைத் திண்ணையில் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அந்த 16-க்குப் பக்கத்தில் அய்யன் கையெழுத்தில் இருந்தது: தூத்தல் மட்டும், மண் நனையல.