டெக்சஸ் கடை வாசலில் எந்தப் போர்டு செல்லும்?

டெக்சஸில் கடையோ உணவகமோ நடத்தும் பலர், துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கரைக் கதவில் ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். துப்பாக்கி எடுத்துச் செல்ல லைசென்ஸ் வாங்கியவரை அந்த ஸ்டிக்கர் கட்டுப்படுத்தாது.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் 2-ஆவது திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது, கடைக்காரரின் கையை அல்ல. 'என் இடத்தில் வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் மாநிலச் சட்டம் கறாராக வகுத்திருக்கிறது.

தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவு, லைசென்ஸ் உள்ளவர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துவருவதைத் தடுப்பதற்கானது. வெளியே தெரியும்படி எடுத்துவருவதைத் தடுக்க 30.07, இது 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்றானது. அவர்களைத் தடுக்க 30.05 போர்டு. யாருமே கொண்டுவரக் கூடாது என்றால் மூன்றும் தேவை.

வாசகம் ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் இருக்க வேண்டும். எழுத்து ஓர் அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. பின்னணி நிறத்திலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும். 30.06, 30.07 இரண்டுக்கும் சட்டத்தில் உள்ள வாசகத்தை ஒரு சொல் மாறாமல் போட வேண்டும், 30.05-க்கு மட்டும் ஏறக்குறைய அதே வாசகம் போதும். போர்டு எல்லா நுழைவாயிலிலும் வேண்டும். பக்கக் கதவை மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கதவைத் திறந்து சுவரோடு சாய்த்து வைத்தால் போர்டு மறைந்துபோகும். கண்ணாடியில் நேரடியாக ஒட்டிய வெள்ளை எழுத்து பகலில் நன்றாகத் தெரியும். இரவில் உள்ளே விளக்கு எரியும்போது மங்கிவிடும். அடர்நிறப் பலகையில் ஒட்டுவது நல்லது.

கோயில் நிர்வாகிகளும் கவனிக்க வேண்டும்: அறிவிப்பு கொடுக்காத வழிபாட்டிடத்துக்குள் லைசென்ஸ் உள்ளவர் துப்பாக்கியோடு வரலாம் என்பதை 2019 சட்டம் தெளிவாக்கிவிட்டது.

போர்டை மீறி வந்தவருக்கு 200 டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். நேரில் சொல்லியும் வெளியேறாவிட்டால் ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். ஆகவே வாய்ச்சொல்லுக்குத்தான் பலம் அதிகம். 'இங்கே துப்பாக்கிக்கு அனுமதி இல்லை, தயவுசெய்து வெளியே போங்கள்' என்று சாட்சி ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். மறுத்தால் வாதாடாதீர்கள், தொடாதீர்கள், 911-ஐ அழையுங்கள்.

கொள்ளைக்காரன் போர்டைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகப் போவதில்லை. சட்டத்தை மதிப்பவர்தான் படிப்பார், காருக்குத் திரும்பிப் போய்த் துப்பாக்கியை வைத்துவிட்டு வருவார். 1991 அக்டோபர் 16 அன்று கிலீன் நகரின் லூபிஸ் உணவகத்தில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்த சுசானா ஹப், அன்றைய மாநிலச் சட்டத்தை மதித்துத் தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். 1995-இல் லைசென்ஸ் சட்டம் வந்ததற்கு அவருடைய சாட்சியம் பெரிய காரணம். போர்டு வைக்கும் எவரும் அந்த வலியைத் தெரிந்துகொண்டுதான் வைக்க வேண்டும். ஆனாலும் மது பரிமாறும் இடத்தில், வாய்ச்சண்டை கைகலப்பாக மாறும் இடத்தில், போர்டு வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

காரில் விட்டுப்போகும் துப்பாக்கிதான் அடுத்த ஆபத்து. கண்ணாடியை உடைத்து எடுத்துப் போனால் அது நேராகக் குற்றவாளி கைக்குப் போகிறது. வேலை பார்ப்பவர் தன் பூட்டிய காருக்குள் சட்டப்படி வைத்திருப்பதை முதலாளி பொதுவாகத் தடுக்க முடியாது. 2011 முதல் இதுதான் சட்டம். ஆகவே பூட்டு விஷயத்தை அவர்களிடம் பேசுங்கள். டேஷ்போர்டு அறையும் சீட்டுக்கு அடியும் திருடன் முதலில் தேடும் இடங்கள். எஃகுப் பெட்டி ஒன்றை வாங்கி, அதன் கேபிளைச் சீட்டின் இரும்புச் சட்டத்தில் சுற்றிப் பூட்ட வேண்டும். துப்பாக்கி நிறுவனங்களின் ஸ்டிக்கரைக் காரில் ஒட்டக் கூடாது. பார்க்கிங்கில் நின்றபின் எடுத்து வைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள்; கிளம்பும் முன்பே பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.