கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழம்

மூன்று கிழமை லீவில் திருகோணமலைக்கு வந்து, திருக்கடலூரில் மாமாவின் விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். வந்த அன்றே மாமா கேட்ட கேள்வி: "ஏன் பிள்ளை, லண்டனுக்குப் போயும் வள்ளத்துக்குள்ளயே கிடக்கிறியள்?"

வாடகைதான் காரணம், வேறென்ன. பாவித்த கால்வாய்ப் படகு ஒன்றை வாங்கிக் குடியேறினோம். நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். படகை மேலே ஏற்றி இறக்கும் 'லொக்'குகள் இங்கிலாந்தில் பல இடங்களில் 7 அடி அகலம்தான். அதற்குள் நுழைய வேண்டுமே. "கிண்ணியாப் பாதை இதைவிட அகலம்" என்று இவர், என் கணவர், சிரிப்பார். பாதை என்றால் ஊரில் வாகனங்களை ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவை. 2009இல் பாலம் திறக்கும்வரை அதில் பஸ்ஸோடு சேர்ந்து கடந்த ஆள்.

மூன்றாம் வருடம் இவருக்குப் பாரிசவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: படகை விற்றுவிட்டு மாடியில்லாத வீடாகப் பாருங்கள். இவர் மாட்டேன் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன்.

ஆனால் உள்ளே வந்து பார்த்தபோது ஒன்று விளங்கியது. வீட்டு மண்டபத்தில் தடுமாறினால் பிடிக்க ஒன்றும் இராது. இதற்குள் எந்தப் பக்கம் சரிந்தாலும் ஒரு சுவர் கைக்கு எட்டும். சக்கர நாற்காலி உள்ளே திரும்பாது, சரி, அது மடிந்து வாசலில் கிடக்கட்டும். இரண்டு பக்கமும் நீளத்துக்குக் கைபிடி அடித்தோம். இரண்டு பக்கமும் ஏன் என்றால், போகும்போது இடப்பக்கம் இருக்கிற சுவர் வரும்போது வலப்பக்கம் ஆகிவிடும். இவருக்கு உதவுவது இடது கை மட்டும். இதை முதலில் யோசிக்காமல் ஒரு பக்கம் மட்டும் அடித்து, இவர் குசினிக்குப் போய்த் திரும்பி வரமுடியாமல் நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

குளிக்கிற இடத்தைப் பெரிதாக்க அலுமாரியையும் வோஷிங் மெஷினையும் இடப்பக்கம் மாற்றினோம். அன்றிரவு ஷவர் தட்டில் தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் மூலையில் தேங்கி நின்றது. படகே சாய்ந்துவிட்டது! தரைப் பலகையைக் கழற்றினால் அடியில் பாரத்துக்கு அடுக்கிய செங்கல். ஒரு சனிக்கிழமை முழுக்க அவற்றை ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகர்த்தினேன். நடுநடுவே ஒரு கிளாஸ் தண்ணீரை மேசையில் வைத்துப் பார்ப்பார் இவர். "இன்னும் நாலு கல்" என்பார்.

கரி மூட்டை தூக்க முடியாததால் டீசல் ஹீட்டர் வந்தது. கக்கூஸ் பெட்டியைக் கொண்டுபோய் ஊற்றுவது என் வேலை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உண்மையான கஷ்டம் படகுக்குள் இல்லை, கரைக்கும் படகுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு முழத்தில்தான். நிரந்தரத் துறை இல்லாத படகு 14 நாளுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். ஒவ்வொரு கரையும் ஒவ்வொரு உயரம். (உடல் இயலாமையைக் காட்டிக் கேட்டால் தங்கும் நாளைக் கூட்டித் தருகிறார்கள், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கைகொடுக்கிறது. நாங்கள் இதை ஒரு வருடம் கழித்துத்தான் அறிந்தோம்.) பின்பக்கப் படி ஏணி மாதிரிச் செங்குத்து என்பதால் படகின் முன்பக்கமான அணியத்தையே வாசலாக்கி, வெளியே அலுமினியச் சாய்வுப் பலகை, உள்ளே கால் வைக்க ஒரு பெட்டி என்று வைத்தோம். உயரத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் பலகைக்கு வேண்டுமாம். கரை ஒரு அடி உயர்ந்தால் 12 அடிப் பலகை! அந்தக் கணக்கு எங்களுக்குச் சரிவராது. உயரக் கரையைக் கண்டால் நிற்காமல் அடுத்த கரை தேடுவோம்.

அப்படியும் ஒருநாள் பக்கத்தால் ஒரு படகு போக, எங்கள் படகு முன்னே ஓடி, பலகை வழுகி, இவர் முழங்காலில் விழுந்தார். அன்றிரவு மாமாவுக்குப் போன் எடுத்து அழுதேன். மாமா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "எத்தனை கயிறு?" என்றார். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. "காணாது. அணியத்துக் கயிறு ஒண்டைப் பின்னால இழுத்து முளையடி. பின் கயிறு ஒண்டை முன்னுக்கு இழு. பிறகு அசையுதோ பார்." அசையவில்லை.

நேற்று போனில் வீடியோவைக் காட்டினேன். இவர் பலகையில் ஏறுவதை மாமா மூன்று தரம் பார்த்தார். பிறகு எழும்பிப் போய்ப் பழைய டயர் ஒன்றைக் கீலம் கீலமாக வெட்டத் தொடங்கினார், பலகையில் ஒட்டினால் மழைக்கு வழுகாதாம். இப்போது அது என் பெட்டியில், கருவாட்டுப் பொதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிறை 30 கிலோவைத் தாண்டிவிட்டது. கருவாட்டைத்தான் குறைக்க வேண்டும், அதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை.