சித்தியோட ஹாஸ்டல் சாப்பாட்டு டெண்டர்

எங்க சித்தி சேலம் செவ்வாப்பேட்டைல 20 வருஷமா கேட்டரிங் பண்றாங்க, ஒரு அரசு ஹாஸ்டல் சாப்பாட்டு டெண்டருக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து ஒரு இட்லிக்கு எவ்ளோ உளுந்துன்னு கிராம் கணக்குல ரேட் போட்டு, ஈஎம்டியும் (டெண்டருக்கு கட்டற முன்பணம்) கட்டி, கடைசில ரேட்ட பாக்கறதுக்கு முன்னாடி தகுதி பேப்பர பாக்கற டெக்னிக்கல் கவர்லயே அவங்க டெண்டர நிராகரிச்சுட்டாங்க. காரணம், டெண்டர் நோட்டீஸ்லயே கேக்காத ஒரு சர்டிபிகேட்! வயிறு எரியுதுங்க.

தமிழ்நாட்டோட 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம் 11வது பிரிவுப்படி டெண்டர் முடிவு ஆர்டர் கைக்கு வந்த 10 நாளுக்குள்ள அரசாங்கத்துக்கு அப்பீல் பண்ணலாம். அதுலயும் நியாயம் கிடைக்கலன்னா சென்னை ஹைகோர்ட்ல ரிட், அதாவது அரசு முடிவ எதிர்த்து போடற மனு. யாரோட ரேட் நல்லதுன்னு கோர்ட் பாக்காது, முடிவெடுத்த விதம் நேர்மையான்னுதான் பாக்கும், 1994 டாடா செல்லுலார் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் சொன்னது அதான். எங்களுக்கு அது போதும்.

நாளைக்கு காலைல வக்கீல பாக்க போறோம், சித்தி நோட்டீஸ ரெண்டு காப்பி எடுத்து மஞ்சப்பைல வெச்சிட்டாங்க.