ஓய்வு பெறுவோர் பட்டியல் இரண்டு முறை திரும்பி வந்தது

எங்கள் மாவட்டத்துப் பொது நூலகங்களில் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுவோரின் பட்டியலையும், அந்தப் பணியிடங்களை நிரப்பக் கோரும் கருத்துருவையும் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு வார வேலை என்று எண்ணித் தொடங்கியது நான்கு மாதம் இழுத்துவிட்டது. இதே வேலையில் இறங்குவோருக்கு நான் பட்ட அலைச்சல் மிச்சமாகட்டும் என்றே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியரில் பெரும்பாலோரின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்ததால், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர்களில் யாரும் வயது முதிர்வால் ஓய்வு பெறவில்லை. கோப்பில் இருந்த பழைய பட்டியலின் தேதிகளோடு இரண்டு ஆண்டைக் கூட்டினால் போதும் என்று நம்பினேன். அந்தப் பட்டியலே பிழையானது. மாதத்தின் முதல் நாளில் பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுகிறார். பள்ளியில் சேர்த்தபோது ஜூன் 1 என்று பிறந்த தேதி எழுதப்பட்டவர்கள் நம் அலுவலகங்களில் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். அத்தகைய நால்வருக்கு மே 31 என்பதற்குப் பதிலாக ஜூன் 30 என்று போட்டிருந்தேன். பட்டியல் திரும்பியது. பிறந்த தேதியைப் பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்திலிருந்து மட்டுமே எடுங்கள்.

திருத்திய பட்டியலோடு மூன்று மணி நேரம் பேருந்தில் சென்று மேலலுவலகத்தில் நின்றபோது, கிளை நூலகம் ஒன்றின் பணியிட அனுமதி ஆணை நகல் இணைக்கப்படவில்லை என்று பிரிவு எழுத்தர் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். எந்த ஆண்டு ஆணை, என்ன எண் என்று கேட்டேன். "அது உங்ககிட்டதான் சார் இருக்கணும்" என்றதோடு சரி. தொலைபேசியில் முன்பே கேட்டிருந்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னவரும் அவரேதான்.

ஊர் திரும்பி, அந்தக் கிளையின் நூலகர் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஏணியைச் சாய்த்துப் பரணில் ஏறி, பழைய நூல் சேர்க்கைப் பதிவேடுகளுக்கு அடியிலிருந்து துணியில் கட்டிய மூட்டை ஒன்றை இறக்கினார். ஓரம் செல்லரித்த ஆணை அதற்குள் இருந்தது. அந்த மூட்டை அங்கிருப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் என் பட்டியலின் ஜூன் 1 நால்வரில் ஒருவர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

படிவம் காலியிடத்தை மட்டுமே கேட்கிறது. ஆள் போன பின் பக்கத்து ஊர் நூலகருக்குக் கூடுதல் பொறுப்புத் தரப்படும். இரண்டு நூலகமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறக்கும். யாரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமோ, அவர் அதற்குள் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பார். ஆகவே, ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே வேறிடத்து ஊழியர் ஒருவரைத் தற்காலிகமாக, அதாவது மாற்றுப்பணியில், ஓய்வு பெறுபவருடன் அமர்த்த வேண்டும் என்று தனித்தாளில் எழுதி இணைத்தேன். இம்முறை நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்காமல் நகரவில்லை, நீங்களும் நகராதீர்கள்.

புதிய பணியிடங்களுக்கு இன்னும் பதில் இல்லை. மாற்றுப்பணிக்கு மட்டும், அதுவும் அந்த ஒரு கிளைக்கு, அனுமதி கிடைத்தது. ஆணையைக் கையில் வாங்கியபோது கண் கலங்கிவிட்டது. மார்ச் 1 அன்று வருபவரிடம், முதல் வாரத்திலேயே அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு பரண் மூட்டைகளைப் பிரித்துப் பட்டியலிடச் சொல்லியிருக்கிறேன்.